தில்லி–லே விமானத்தில் சன்னல் வழியாகப் படம் எடுக்கலாமா? எந்தப் பக்கம் அமர வேண்டும்?

தண்பொருநை கேட்டது:

நண்பர்களுக்கு வணக்கம். வரும் செப்டம்பரில் நானும் என் மனைவியும் தூத்துக்குடியிலிருந்து சென்னை, தில்லி வழியாக லடாக்கின் லே நகருக்குச் செல்கிறோம். தில்லியிலிருந்து லே வரையிலான ஒன்றேகால் மணி நேரப் பறத்தலில் இமயமலைத் தொடர்களைக் குறுக்காகக் கடக்கலாம் என்பதால், தரைவழியைத் தவிர்த்து வேண்டுமென்றே காலை நேர விமானத்தில் முன்பதிவு செய்திருக்கிறேன். ஆனால் படம் எடுப்பது பற்றிக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பறக்கும் விமானத்திலிருந்து படம் எடுப்பதே சட்டப்படி குற்றம் என்கிறார் வங்கியில் பணிபுரியும் நண்பர் ஒருவர். என் தங்கை மகனோ, நாள்தோறும் ஆயிரம் பேர் எடுத்து வலைத்தளங்களில் போடுகிறார்களே, மாமா மட்டும் ஏன் பயப்பட வேண்டும் என்று சிரிக்கிறான். எது சரி?

இரண்டாவது ஐயம் இருக்கையைப் பற்றியது. இடப்புறச் சன்னலா, வலப்புறச் சன்னலா? மூன்றாவது, உயரத்தில் மூட்டம் போலத் தெரியும் நீலப்புகையைக் குறைக்கப் போலரைசர் ஃபில்டர் ஒன்றை வாங்கச் சொல்கிறார் கேமரா கடைக்காரர். விலை சற்று அதிகம். சன்னல் வழியாக எடுக்கும்போது அது பயன்படுமா? டிஜிட்டல் கேமராவுடன் என் தந்தையார் வைத்திருந்த பழைய ஃபிலிம் கேமராவையும் எடுத்துச் செல்ல ஆசை. பாதுகாப்புச் சோதனையில் ஃபிலிம் கெட்டுவிடுமா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

பழுப்புக்கோப்பு எழுதியது:

ஐயா, சட்டத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். கேமராவைப் பற்றிச் சொல்ல இங்கே தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் நண்பர் காற்றில் பேசவில்லை. 1937ஆம் ஆண்டின் வானூர்தி விதிகளில் 13ஆம் விதி, அரசு விமான நிலையத்திலோ பறந்துகொண்டிருக்கும் விமானத்திலிருந்தோ எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் எவரும் படம் எடுக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. அந்த அனுமதியை வழங்கும் அதிகாரம் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்திடம், அதாவது டிஜிசிஏ என்று நாம் சொல்லும் அலுவலகத்திடம், இருக்கிறது. கேமராவே அரிதாக இருந்த, வானிலிருந்து எடுக்கும் படம் என்றாலே உளவு என்று எண்ணப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட விதி அது. அதன்படி ஒவ்வொரு பயணியும் தனித்தனியாக மனுப் போட வேண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே 2004 டிசம்பர் 9ஆம் நாள் டிஜிசிஏ ஒரு சுற்றறிக்கை வெளியிட்டு, கால அட்டவணைப்படி இயங்கும் விமானங்களில் செல்லும் பயணிகள் பறக்கும்போது விமானத்தின் உள்ளிருந்து நிழற்படமும் காணொளியும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவான அனுமதி கொடுத்துவிட்டது. உங்கள் மருமகன் சிரிப்பதற்கு அடிப்படை இதுதான். ஆனால் அந்த அனுமதிக்கு இருக்கும் எல்லையை அவர் கவனிக்கவில்லை.

அந்த எல்லை 2020 செப்டம்பரில் எல்லோருக்கும் தெரியவந்தது. சண்டிகரிலிருந்து மும்பை சென்ற விமானம் ஒன்றில் பயணித்த திரைப்பட நடிகை ஒருவரைப் படம்பிடிக்கச் செய்தியாளர்கள் முண்டியடித்தபோது, இனி இப்படி விதிமீறல் நடந்தால் அந்த வழித்தடத்தில் அந்த விமானச் சேவையை இரண்டு வாரம் நிறுத்திவைப்போம் என்று டிஜிசிஏ அறிவித்தது. பயணிகள் அனைவரும் குழம்பிப்போகவே, மறுநாளே ஒரு விளக்கமும் வந்தது. பயணி படம் எடுப்பதற்குத் தடையில்லை. ஆனால் விமானப் பாதுகாப்பைக் குலைக்கும் கருவிகளைப் பயன்படுத்துவது, நடைமுறை விதிகளை மீறுவது, குழப்பம் விளைவிப்பது, பணியாளர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் எடுப்பது ஆகியவை அந்த அனுமதிக்குள் அடங்கா என்பது அதன் சாரம். பணியாளர் தடுத்தால் அங்கே நின்று சட்டம் பேசாதீர்கள் என்பதற்காகவே இதை விரிவாகச் சொல்கிறேன்.

இனி உங்கள் பயணத்துக்கு நேரடியாகத் தொடர்புடைய செய்தி. லே விமான நிலையம் இந்திய விமானப்படையின் தளம். பயணிகள் முனையம் அதற்குள் அமைந்திருக்கும் ஒரு பகுதி மட்டுமே. ஸ்ரீநகர், ஜம்மு, சண்டிகர், பாக்டோக்ரா, புனே ஆகியவையும் விமானப்படைத் தளங்களே. கோவாவின் டாபோலிமும் விசாகப்பட்டினமும் கடற்படைக்கு உரியவை. இத்தகைய தளங்களில் தரையில் நிற்கும்போதும், ஏறும்போதும், இறங்கும்போதும் படம் எடுக்கத் தடை உண்டு. 2025 மே மாதத்தில், இந்தியா–பாகிஸ்தான் மோதலை அடுத்து, பாதுகாப்புத் துறை விமானத் தளங்களில் ஏறி இறங்கும்போது 10,000 அடிக்குக் கீழே சன்னல் மூடிகளை இறக்கி வைக்க வேண்டும் என்றும், அவசர வழி வரிசைகளுக்கு மட்டும் விலக்கு என்றும் டிஜிசிஏ உத்தரவிட்டது. லே ஓடுபாதையே கடல்மட்டத்திலிருந்து 10,682 அடி உயரத்தில் கிடக்கிறது என்பதை உத்தரவை எழுதியவர் எண்ணிப் பார்த்தாரா என்று எனக்குள் ஒரு சிரிப்பு. அது போகட்டும். மூடிகளை இறக்கச் சொல்லும் உத்தரவு நிலைமைக்கேற்ப வரும், தளரும். படம் எடுக்கக் கூடாது என்பது அப்படிப்பட்டதன்று, அதை நிலையானதாகவே கொள்ளுங்கள்.

ஆகவே தில்லியிலிருந்து மேலெழுந்து நிலையான உயரத்தை அடைந்த பிறகு, லேயை நோக்கி இறங்கத் தொடங்கும் வரை நிம்மதியாக எடுங்கள். இறங்கப்போகிறோம் என்ற அறிவிப்பு வந்ததும் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். ஓடுபாதைக்கு அருகே குன்றின் மீது ஸ்பிடுக் மடாலயம் வெள்ளை வெளேரென்று தெரியும், கை துடிக்கும். அதைப் பிறகு சாலை வழியாகப் போய், மடாலயத்தையும் மலையையும் மட்டும் சட்டகத்துக்குள் வருமாறு எடுத்துக்கொள்ளலாம். ஓடுபாதைப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

---

ஒளிச்சட்டகம் எழுதியது:

சட்டப் பகுதியை மேலே ஐயா தெளிவாகச் சொல்லிவிட்டதால் நேராக இருக்கைக்கும் கண்ணாடிக்கும் வருகிறேன்.

தில்லியிலிருந்து லே ஏறக்குறைய நேர் வடக்கு. காலையில் சூரியன் கிழக்கே, அதாவது உங்கள் வலப்புறம் இருக்கும். எனவே ஏ எழுத்துக் கொண்ட இடப்புறச் சன்னலைத் தேர்ந்தெடுத்தால் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து மலைகளின் மீது விழும். பனிச் சிகரங்களின் மடிப்புகளும் நிழல்களும் நன்றாகப் பதியும். வலப்புறம் அமர்ந்தால் எதிர்வெயில் கண்ணாடியில் உள்ள ஒவ்வொரு கீறலையும் ஒளிரச் செய்துவிடும். நுன், குன் என்ற இரட்டைச் சிகரங்களும் இடப்புறமே இருக்கின்றன. நுன் 7,135 மீட்டர், குன் 7,077 மீட்டர். வானம் தெளிவாக இருந்தால் ஒன்று கூராகவும் மற்றொன்று சற்றுத் தடித்தும் அருகருகே நிற்பதை அடையாளம் காணலாம். வலப்புறத்தவருக்கு த்சோ மொரிரி போன்ற ஏரிகள் கிடைக்கக்கூடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் காலை விமானத்தில் என் வாக்கு இடப்புறத்துக்குத்தான்.

பக்கத்தைப் போலவே வரிசையும் முக்கியம். நடு வரிசைகளில் அமர்ந்தால் பாதிப் படம் இறக்கையாகிவிடும். இறக்கைக்குச் சற்றுப் பின்னால் அமர்ந்தால், எஞ்சினிலிருந்து வெளிவரும் வெப்பக் காற்று காட்சியை நெளியச் செய்யும். கண்ணுக்கு அது அவ்வளவாகத் தெரியாது, படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் மலை விளிம்புகள் குழைந்திருப்பது புலப்படும். எனவே இறக்கைக்கு நன்கு முன்னால் அமர்வதே முதல் தேர்வு, அது கிடைக்காவிட்டால் கடைசி வரிசைகளுக்குப் போய்விடுங்கள். இன்னொரு செய்தி: போயிங் 737 வகை விமானங்களில் இறக்கைக்கு முன்னால் ஒரு வரிசையில் சன்னலே இருக்காது, குளிர்காற்றுக் குழாய் அந்தச் சுவருக்குள் ஏறிச் செல்கிறது. கூடுதல் பணம் கட்டிச் சன்னல் இருக்கை வாங்கிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு போகாமல் இருக்க, அந்த விமான வகையின் இருக்கை வரைபடத்தை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

போலரைசரை வாங்க வேண்டாம். கடைக்காரர் தரையில் எடுப்பதற்குச் சொல்லும் அறிவுரையை வானத்துக்கும் சொல்லிவிட்டார். விமானச் சன்னல் வீட்டுக் கண்ணாடி போன்ற ஒற்றைப் பலகையன்று; அழுத்தத்தைத் தாங்கும் வெளிப்பலகை, அது உடைந்தால் பொறுப்பேற்கும் நடுப்பலகை, நம் கை படும் உள்பலகை என மூன்று அடுக்குகள் கொண்டது. முதல் இரண்டும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் ஆனவை. இழுத்து இறுக்கப்பட்ட அக்ரிலிக் தன்னுள் இருக்கும் தகைவுக்கு, அதாவது இழுவிசை இறுக்கத்துக்கு, ஏற்ப ஒளியின் அதிர்வுத் திசையை மாற்றுகிறது. சாதாரணமாகப் பார்த்தால் அது தெரியாது. போலரைசரை முன்னால் வைத்ததும் அந்த வேறுபாடு முழுவதும் ஊதாவும் பச்சையுமாக வானவில் பட்டைகளாக வெளிப்பட்டுப் படத்தின் குறுக்கே ஓடும். போலரைசர் வகைக் குளிர்கண்ணாடி அணிந்து சன்னலைப் பார்த்தாலும் இதே பட்டைகள் தெரியும், செலவில்லாமல் சோதித்துக்கொள்ளலாம். நீல மூட்டத்துக்கு மருந்து ஃபில்டரில் இல்லை. படத்தை ரா கோப்பாக, அதாவது கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பாக, எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு கணினியில் மூட்டத்தைக் குறைத்து ஒளி–நிழல் வேறுபாட்டைக் கூட்டுவதே வழி.

நடுப்பலகையின் கீழ்ப்பகுதியில் ஊசி முனை அளவில் ஒரு துளை இருக்கும். பலகைகளுக்கு இடையிலான காற்றழுத்தத்தைச் சமன் செய்யவும் ஈரம் படியாமல் காக்கவும் வைத்த துளை அது. உயரத்தில் அதைச் சுற்றிப் பனிப் படிகங்கள் பூப்பதுண்டு. படத்தில் அவை வெண்புள்ளியாக விழாமல் இருக்கச் சன்னலின் மேல் பாதி வழியாக எடுங்கள். உள்பலகையில் முந்தைய பயணியின் நெற்றி எண்ணெய் படிந்திருந்தால் உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். கிருமிநாசினி தடவிய ஈரத்தாளால் துடைக்கக் கூடாது. ஆல்கஹால் பட்டால் இவ்வகைப் பிளாஸ்டிக்கில் நுண்விரிசல் விழும், உங்களுக்குப் பின் வரும் எல்லோருடைய படமும் கெடும்.

கேமரா அமைப்புகளில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. அப்பர்ச்சரை, அதாவது லென்சுக்குள் ஒளி நுழையும் துளையை, எஃப் 4 முதல் 5.6 வரை திறந்து வையுங்கள், எஃப் 11, 16 என்று சுருக்கினால் கண்ணாடிக் கீறல்கள் படத்துக்குள் வந்துவிடும். ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு நொடி அளவில் இருக்கட்டும், ஃபிளாஷ் அணைந்திருக்கட்டும். தானியங்கி ஃபோகஸ் கண்ணாடி அழுக்கைப் பிடித்துக்கொண்டு தடுமாறினால், தொலைவிலுள்ள ஒரு மலை விளிம்பில் ஃபோகஸ் செய்து கையியக்கத்துக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள். லென்சைச் சன்னலுக்கு மிக அருகில் கொண்டு செல்லுங்கள். ஆனால் அதன் மீது சாய்த்து வைக்காதீர்கள், விமான உடலின் அதிர்வு அப்படியே கேமராவுக்கு ஏறும். அடர்நிறச் சட்டை அணிந்து செல்வது விளையாட்டாகச் சொல்வதன்று. வெள்ளைச் சட்டையின் பிம்பம் உள்பலகையில் விழுந்து பனிமலையோடு கலந்துவிடும்.

எப்போது விழித்திருக்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன். தில்லியை விட்டதும் முதலில் வருவது சமவெளி; அங்கே புழுதி மூட்டம்தான் கிடைக்கும், கேமராவைத் தொடவே வேண்டாம். சிவாலிக் குன்றுகள் கடந்ததும் பச்சை அடர்ந்த மலைகள், அவற்றின் பின்னால் பீர் பஞ்சால், அதற்கப்பால் பேரிமயம், பிறகு சன்ஸ்கார் தொடர் என்று அலையலையாக வரும். பருவமழையைப் பேரிமயம் தடுத்து நிறுத்திவிடுவதால், அந்த ஒரு தொடரைத் தாண்டியதும் மேகமும் பசுமையும் திடீரென்று அற்றுப்போய், துருவும் சாம்பலுமான வெற்று மலைகள் தொடங்கும். பசுமை முடிந்து வெறுமை தொடங்கும் அந்த எல்லை சில நிமிடங்களில் கடந்துபோய்விடும். சிகரங்களின் தனிப்படம் யாரிடமும் கிடைக்கும். ஒரே சட்டகத்தில் இரு பருவநிலைகள் கிடைப்பது இந்தச் சில நிமிடங்களில்தான் என்பதால், சிற்றுண்டி வந்தால் கூட ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

---

நீலவானம்72 எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் பழுப்புக்கோப்பு ஐயா சற்றுக் கூடுதலாகவே அச்சுறுத்துகிறார் என்று தோன்றுகிறது. வேலை நிமித்தம் நான் புனேவுக்கு அடிக்கடி செல்பவன். விமானம் இறங்கும்போது பாதிப் பேர் கைப்பேசியைச் சன்னலில் வைத்துக்கொண்டு காணொளி எடுக்கிறார்கள், யாரும் எதுவும் கேட்பதில்லை. செயற்கைக்கோள் படங்களில் ஓடுபாதையின் கோடு வரை தெரியும் காலத்தில், ஒரு பயணியின் கைப்பேசியால் என்ன இரகசியம் வெளியேறிவிடப் போகிறது?

---

பழுப்புக்கோப்பு எழுதியது:

தம்பி, யாரும் கேட்கவில்லை என்பதும் அனுமதி உண்டு என்பதும் ஒன்றாகா. செயற்கைக்கோள் படம் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் பொதுவில் கிடைக்கும் அத்தகைய படங்கள் பெரும்பாலும் பழையவை. இன்று காலை எந்தக் கொட்டகையின் முன்னால் என்ன நின்றது என்பதை, நாள், நேரம், இடம் மூன்றும் பொதிந்த உங்கள் காணொளி சொல்லிவிடும். படைத்தளங்கள் 1923ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டத்தில் தடை செய்யப்பட்ட இடம் என்ற வரையறைக்குள் வருபவை என்பதையும் மறக்க வேண்டாம். சுற்றுலாப் பயணி ஒருவர் மீது அந்தச் சட்டம் பாய வேண்டும் என்று நான் விரும்பவில்லை. ஆனால் எல்லைப் பகுதியில், பதற்றமான ஒரு வாரத்தில், யாரோ ஒருவர் உங்கள் பதிவைச் சுட்டிக்காட்டிப் புகார் கொடுத்தால், விளக்கம் சொல்லிக்கொண்டு காவல் நிலையத்தில் உட்கார வேண்டியவர் நீங்கள்தான், உங்களுக்கு முன் எடுத்த பாதிப் பேர் அல்லர். சென்னையிலோ மதுரையிலோ திருச்சியிலோ இறங்கும்போது நான் இவ்வளவு வலியுறுத்த மாட்டேன், அவை பொது விமான நிலையங்கள். கடல் பக்கமிருந்து சென்னைக்குள் இறங்கும்போது வலப்புறம் தெரியும் மெரினாவை, பணியாளர் மறுக்காத வரை, கைப்பேசியில் எடுப்பவரை நான் குறை சொன்னதில்லை.

---

அந்தமான்வாசி எழுதியது:

போர்ட் பிளேர் செல்வோருக்கும் இதே சிக்கல் உண்டு என்பதால் இடையில் ஒரு சொல். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட எங்கள் நகரின் ஓடுபாதை கடற்படையின் உத்க்ரோஷ் தளத்துக்கு உரியது. சென்னையிலிருந்து வரும் இரண்டு மணி நேரமும் கீழே வெறும் கடல்தான். பவளத்திட்டுகளும் பச்சைநிறக் கரையோர நீரும் கண்ணில் படுவதே விமானம் தாழ்ந்து இறங்கும்போது. அதாவது எடுக்கத் தகுந்தது எதுவோ அது தடை செய்யப்பட்ட நேரத்தில்தான் வருகிறது. லே செல்பவர் இந்த வகையில் கொடுத்து வைத்தவர், அவருக்குக் காட்சி முழுவதும் நடுவானில் கிடைக்கிறது. எங்களிடம் வருகிறவர்கள் ஸ்வராஜ் தீவுக்குச் செல்லும் படகிலிருந்து ஆசை தீர எடுத்துக்கொள்ளட்டும்.

---

ஒளிச்சட்டகம் எழுதியது:

ஃபிலிம் பற்றிய கேள்வியை மேலே விட்டுவிட்டேன். ஃபிலிம் சுருளை எக்காரணம் கொண்டும் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்காதீர்கள். அங்கே பயன்படுத்தும் கதிர் மிக வலுவானது, ஒரே சோதனையில் படம் மூட்டமிட்டுவிடும். கைப்பையைச் சோதிக்கும் பழைய வகை எக்ஸ்ரே இயந்திரத்தில் ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்வு, 100, 200, 400 அளவுள்ள ஃபிலிம் ஓரிரு முறை சென்றுவந்தால் கண்ணுக்குத் தெரியும் கெடுதல் நேராது. 800க்கு மேற்பட்டவை தாங்கா. சிக்கல் புதிய சிடி வகை இயந்திரங்களில்தான். அவை பையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுப்பதால் குறைந்த ஐஎஸ்ஓ ஃபிலிமையும் கெடுத்துவிடும் என்று ஃபிலிம் நிறுவனங்களே எச்சரிக்கின்றன. சுருள்களைப் பெட்டியிலிருந்து எடுத்து நெகிழிப் பையில் தனியாக வைத்துக்கொண்டு, கையால் சோதிக்க முடியுமா என்று பாதுகாப்புப் படையினரிடம் பணிவாகக் கேளுங்கள். ஒப்புக்கொள்வது அவர்கள் விருப்பம். கேமராவுக்குள் பாதி எடுத்த சுருளோடு செல்வதைத் தவிர்ப்பது நல்லது, கேமராவைத் திறந்து காட்டச் சொன்னால் எடுத்ததெல்லாம் வெளிச்சத்தில் போய்விடும்.

உதிரி பேட்டரிகளும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி சரக்கறையில் தீப்பிடித்தால் அணைக்க ஆளில்லை என்பதே காரணம். 100 வாட்மணி வரை தனி அனுமதி வேண்டியதில்லை. 7.2 வோல்ட்டும் 2,280 மில்லியாம்பியர்மணியும் கொண்ட ஒரு கேமரா பேட்டரி 16 வாட்மணியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் உறையிட்டு வையுங்கள்.

---

தண்பொருநை எழுதியது:

எதிர்பார்த்ததைவிட நிறைவான விடைகள், அனைவருக்கும் நன்றி. போலரைசரை வாங்கவில்லை. ஏ வரிசையில் முன்பக்கமாக ஒரு சன்னல் இருக்கை பதிவாகிவிட்டது. ஒன்றே ஒன்று மட்டும்: திரும்பும் விமானமும் காலையில்தான். அப்போது என் மனைவி கைப்பேசியில் எடுக்க விரும்புகிறார். அவருக்கு எந்தப் பக்கம்?

---

ஒளிச்சட்டகம் எழுதியது:

திரும்பும்போது தெற்கு நோக்கிப் பறப்பதால் காலைச் சூரியன் இடப்புறம் வந்துவிடும். எனவே அம்மா அவர்களுக்கு எஃப் எழுத்துக் கொண்ட வலப்புறச் சன்னல். அந்தப் பக்கமே மறுபடியும் மேற்கு என்பதால், போகும்போது மேகம் மறைத்த சிகரங்களுக்கு இன்னொரு வாய்ப்பும் கிடைக்கிறது. கைப்பேசியின் சிறு லென்சுக்குக் கண்ணாடிக் கீறல்கள் கூடுதலாகவே தெரியும் என்பதால், கைப்பேசியின் ஓரத்தைச் சன்னலுக்கு ஒரு விரல் இடைவெளி வரை நெருக்கி, திரையில் மலை விளிம்பைத் தொட்டு அழுத்திப் பிடித்து ஃபோகசைப் பூட்டச் சொல்லுங்கள். பனியின் வெண்மையில் விவரம் எரிந்துபோகாமல் இருக்க, அதே இடத்தில் விரலைச் சற்றுக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளலாம். கைப்பேசி ஃபிளைட் மோடில் இருக்கட்டும். லேயிலிருந்து எழும்போது, சீட்பெல்ட் விளக்கு அணையும் வரை கைப்பேசி பைக்குள்ளேயே இருக்கட்டும். சிவாலிக் குன்றுகள் முடிந்து சமவெளிப் புழுதி தொடங்கியதும் சன்னலை மூடிவிட்டு உறங்கலாம்.